முகத்துக்கு முன்னால் கை

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். நல்ல கூட்டம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த வெள்ளைப் புடவை அம்மா வெகுநேரமாக என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி பார்க்கிறார் போலிருக்கிறது என்று கையைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தேன். என் கையில் கடிகாரமே கிடையாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

“உங்களுக்கு நரம்பே தெரியலீங்களே,” என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

எனக்குச் சுருக்கென்றது. நான் வனத்துறையில் ஜீப் ஓட்டுகிறவன். மலைப்பாதையில் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டி உருண்டு திரண்ட கை. ஊரில் நாலு பேர் பார்த்துப் பொறாமைப்படுகிற கை.

“கைக்கு என்னங்க கேடு? நல்லாத்தானே இருக்குது?”

“பார்வைக்கு நல்லாத்தான் இருக்குது. அவசரத்துக்குத்தான் ஒதவாது,” என்று சொல்லிவிட்டு எனக்கு அடுத்து நின்றவரின் கைக்குப் போய்விட்டார். அவர் நோஞ்சான் ஆள், பாலக்கோடு சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறவராம். அந்தக் கை அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. “எப்பேர்ப்பட்ட கைங்க உங்களுக்கு!” என்று வாயாரப் புகழ்ந்தார். அந்த மனுஷனை அதற்கு முன்னால் யாரும் எதற்காகவும் புகழ்ந்திருக்க மாட்டார்கள். பென்னாகரம் வரும்வரை கம்பியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

அப்படித்தான் எனக்கு அந்த அம்மாவைத் தெரியும். எங்கள் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எல்லாருக்கும் நர்சம்மா. நான் சொல்வது எழுபதுகளின் நடுவில் நடந்தது; அப்போது அவருக்கு நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். ரத்தக்குழாயைத்தான் எங்கள் பக்கத்தில் நரம்பு என்போம். நரம்பு ஊசி போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஜில்லா முழுக்கப் பேச்சு. பெரிய டாக்டர்களே குத்திப் பார்த்துவிட்டு, “அம்மாவைக் கூப்பிடுங்க” என்பார்களாம்.

ஆனால் அவரோடு பழகுவது லேசான காரியம் இல்லை. எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் பார்வை முதலில் முழங்கை மடிப்புக்குப் போகும். அங்கே வேலை முடிந்த பிறகுதான் முகத்துக்கு வரும். சில நாள் வராமலும் போகும். கல்யாண வீட்டுக்கு வந்தால் மணப்பெண்ணின் நகையைப் பார்க்க மாட்டார். “வளையலைக் கொஞ்சம் மேல தள்ளும்மா” என்பார். பெண்ணின் அம்மா, ஏதோ புது மாதிரி வளையல் என்று கேட்கிறார் போல என்று சந்தோஷமாகத் தள்ளிக் காட்டுவாள். “ரத்தமே இல்லையே, மொதல்ல கீரையும் பேரீச்சம்பழமும் குடுங்க, அப்புறம் மாப்பிள்ளை வூட்டுக்கு அனுப்பலாம்” என்று பந்தலில் வைத்தே சொல்லிவிடுவார். எந்தக் கல்யாணத்திலும் இவரை முன்வரிசையில் உட்கார வைக்க எல்லாரும் தயங்கினார்கள்.

ஆட்களைப் பெயரால் நினைவு வைத்துக்கொள்ள மாட்டார். எங்கள் ரேஞ்சர் ஒரு தடவை காய்ச்சலோடு என்னை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ரேஞ்சர் என்றால் எங்கள் ஆபீசில் பெரிய தலை. விறைப்பாக நிற்பார். நர்சம்மா, “நீங்களா! போன வருஷம் மஞ்சக்காமாலையில வந்தீங்களே. வலது கை, மடிப்புக்கு மேல ரெண்டாப் பிரியும், உள்பக்கம் போறதுதான் சரியா வரும்” என்றார். ரேஞ்சருக்குத் தன் பதவியைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள இடமே கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது ஜீப்பில் தன் வலது கையைத் தானே நாலு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி ஓட்டினேன்.

இப்படிப்பட்ட அம்மாவை நான் ஒரு யானையிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டி வந்தது.

ஒகேனக்கல் காட்டுப் பக்கம் ஒரு கொம்பன் நொண்டிக்கொண்டு திரிந்தது. யாரோ நாட்டுத் துப்பாக்கியால் முன்காலில் சுட்டிருந்தார்கள். குண்டு உள்ளேயே தங்கிச் சீழ் வைத்துவிட்டது. மேடேற முடியாததால் அது மலைக்குத் திரும்பாமல் கேழ்வரகுக் கொல்லைகளையே சுற்றியது. வலி தாங்காமல் கண்ணில் பட்டவர்களையெல்லாம் துரத்தியது. சுட்டுவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு எழுந்தபோது, மதராஸிலிருந்து ஒரு கால்நடை டாக்டர் வந்தார். மயக்கிப் படுக்க வைத்துக் குண்டை எடுத்துவிடலாம் என்றார். நாங்கள் யாரும் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை.

டாக்டர் ஒல்லியான ஆள், வாய் ஓயாமல் பேசுவார். அவரிடம் ஒரு நீளத் துப்பாக்கி இருந்தது. அதில் தோட்டாவுக்குப் பதிலாக விரல் பருமனில் ஓர் அலுமினியக் குழாய். முன்னால் ஊசி, பின்னால் பறக்கும்போது தெரிவதற்காக சிவப்புக் கம்பளி நூலில் ஒரு குஞ்சம். குழாய்க்குள் சீமையிலிருந்து வந்த மருந்து. பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில் அதைக் கொண்டுவந்தார். எம்-99 என்று பெயர்.

அந்தப் பெட்டியோடு நேராக மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் கூட இருந்தேன்.

“சிஸ்டர், யானைக்கு இதில அரை ஸ்பூன் போதும். மனுஷனுக்கு, ஒரு கீறல்ல ஒரு துளி பட்டாலே ஆள் படுத்துடுவான். மூச்சு நின்னுடும். இதை எழுப்பற மருந்தும் என்கிட்ட இருக்கு. யானையை நான் எழுப்பிடுவேன். கையாளறவன் நான். நான் விழுந்துட்டா என்னை யார் எழுப்பறது?”

நர்சம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “சட்டைக் கையை மடிங்க,” என்றார்.

டாக்டர் மடித்தார். அடுத்த நிமிஷம் அந்த அம்மாவின் முகத்தில் விளக்கேற்றியது போல ஒரு வெளிச்சம். இரண்டு கையையும் தடவினார், தொங்கப் போட்டார், தட்டினார். “பேஷ்! இருட்டுலகூடப் போட்டுடுவேன்,” என்றார். அப்படியும் விடவில்லை. ஊதா மருந்தைத் தொட்டு, இடது கையில் ஒரு புள்ளி, வலது கையில் ஒரு புள்ளி வைத்தார். எழுப்பும் மருந்தை மனுஷ அளவுக்கு ஒரு சிரிஞ்சில் எடுத்துத் தயாராக வைப்பது, டாக்டர் சாய்ந்ததும் யார் தலையைப் பிடிப்பது, யார் கையைக் கட்டுவது என்று சாயங்காலம் வரை ஒத்திகை. பொய்யாக விழுந்து விழுந்து டாக்டரின் முழங்கை சிராய்த்துவிட்டது.

“டாக்டர் ஒருத்தருக்குத்தான் நான் பொறுப்பு. வேற யாரு கையிலயும் நான் புள்ளி வெக்கலை. அதனால வேற யாரும் அந்த மருந்துகிட்டயே வரக்கூடாது, சொல்லிட்டேன்,” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். என்னை வேறு ஒரு முறை முறைத்தார். “முக்கியமா நீங்க. உங்க கைக்கு நான் எங்க போவேன்?”

மறுநாள் விடியும்போதே கிளம்பினோம். எனக்கு உடம்பெல்லாம் பரபரப்பு. ஜீப்பைப் பறக்க விட்டேன். நர்சம்மா முன்சீட்டில் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து டாக்டர், யானையின் காதுக்குப் பின்புறம் ஓடும் நரம்பைப் பற்றிச் சொல்லி அவருக்கு ஆசை காட்டிக்கொண்டே வந்தார். கட்டைவிரல் மொத்தம் இருக்குமாம். எழுப்பும் மருந்தை அதில்தான் போட வேண்டுமாம்.

“மெய்யாலுமா? வெளியவே தெரியுமா?”

“தெரியறதா? தொட்டா உருளும் சிஸ்டர்.”

“நான் தொட்டுப் பார்க்கலாமா?”

“தொடறதென்ன, நீங்களே போடுங்க!”

அந்த அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்த தைரியத்தில், ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். எதற்காக வருகிறவர் போகிறவர் கையையெல்லாம் பார்க்கிறீர்கள் என்று.

சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. “கோடையில வயித்தால போயி தூக்கிட்டு வருவாங்க பாருங்க, அந்த நேரத்துல தேடினா ஒண்ணும் கெடைக்காதுங்க டிரைவர். நரம்பெல்லாம் உள்ள போயி ஒளிஞ்சுக்கும். ஆளு நல்லா இருக்கறப்பவே பார்த்து வெச்சுக்கணும். ஒரு பொண்ணுக்கு எத்தனையோ எடத்துல குத்தினேன். கெடைக்கவே இல்லை. அதோட அம்மா பக்கத்துலயே நின்னுட்டிருந்தா.” அவ்வளவுதான் சொன்னார்.

காட்டோரத்தில் ஒரு குடியிருப்பு. பத்துப் பதினைந்து குடும்பங்கள், எல்லாரும் கேழ்வரகும் அவரையும் போடுகிறவர்கள். சவரிமுத்து என்கிற விவசாயி எங்களுக்காகக் காத்திருந்தார். யானை முதலில் புகுந்தது அவர் கொல்லையில்தான். ஐம்பதை நெருங்கிய ஆள். பணிவு என்றால் அப்படி ஒரு பணிவு. சர்க்கார் ஜீப்பின் மேல் கை படக்கூடாது என்று தள்ளியே நிற்பார். எங்களுக்கெல்லாம் கூழ் கரைத்துக் கொடுத்தார். நர்சம்மா சொம்பை வாங்கும்போது வழக்கம்போல அவர் கையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

யானை விழுந்த பிறகு வெயிலில் அதன் உடம்பு கொதித்துவிடும், ஊற்றத் தண்ணீர் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சவரிமுத்து குடம் சேர்க்க வீடு வீடாகப் போய்விட்டார். அந்த நேரத்தில்தான் டாக்டர் மற்ற எல்லாரையும் கூட்டி வைத்து, சிவப்புக் குஞ்சம் வைத்த குழாய் எங்கே கிடந்தாலும் ஒருவரும் தொடக்கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். நர்சம்மா பக்கத்தில் நின்று, “காதுல விழுந்துச்சா?” என்று ஒவ்வொருவரையும் கேட்டார். அங்கே இருந்த எல்லார் காதிலும் விழுந்தது.

வறண்ட ஓடைக்கு அந்தப் பக்கம் மூங்கில் புதரில் கொம்பன் நின்றது. நான் ஜீப்பை மேட்டில் நிறுத்தி எஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தேன். டாக்டரும் ரேஞ்சரும் ஊர்ந்து போனார்கள். முதல் குழாய் பறந்தது. மூங்கிலில் பட்டுத் திசை மாறி எங்கேயோ முள்ளுக்குள் போய்விட்டது. யானை திரும்பியது! காதை விரித்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தது. என் உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. டாக்டர் அசையாமல் இரண்டாவது குழாயைப் போட்டுச் சுட்டார். சிவப்புக் குஞ்சம் யானையின் பின்தொடையில் போய் நின்றது.

பிளிறிக்கொண்டு ஓடையில் இறங்கி ஓடியது. நாங்கள் பின்னாலேயே. நொண்டிக்கொண்டே என்ன ஓட்டம்! கொஞ்ச நேரத்தில் நடை தளர்ந்தது. தும்பிக்கை தொங்கியது. குடித்த ஆள் மாதிரி கால் பின்னியது. பிறகு அப்படியே மடங்கி, மார்பு தரையில் பட உட்கார்ந்துவிட்டது.

“மாரு மேல படுத்தா மூச்சு விட முடியாது! சாய்ச்சுடுங்க! சாய்ச்சுடுங்க!” என்று டாக்டர் அலறினார். கொம்பில் வடத்தைப் போட்டு ஜீப்பில் கட்டினோம். நான் கியரைப் போட்டேன். சக்கரம் மணலில் உறுமியது, ஜீப் நடுங்கியது, நகரவில்லை. இருபது பேர் அந்தப் பக்கம் தோள் கொடுத்தார்கள். “டேய், இழுடா!” என்று நான் என்னையே திட்டிக்கொண்டு மிதித்தேன். மலை சரிகிற மாதிரி யானை பக்கவாட்டில் சாய்ந்தது. ஒரு பெரிய பெருமூச்சு விட்டது. எல்லாரும் கத்தினோம். நானும் கத்தினேன், எதற்கென்று தெரியாமல் ஹாரனை வேறு அடித்துவிட்டு டாக்டரிடம் திட்டு வாங்கினேன்.

டாக்டர் யானையின் கண்ணைத் துணியால் மூடி, தும்பிக்கை நுனியைக் கல்லின் மேல் நீட்டி வைத்து, முன்காலில் இருந்த புண்ணைக் கீறினார். சீழ் கொட்டியது. நர்சம்மா சிரிஞ்சுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரின் ஊதாப் புள்ளிகளையே பார்த்தபடி நின்றார். கண் மட்டும் நடு நடுவே யானையின் காதுக்குப் போய்ப் போய் வந்தது. நான் கூடப் பார்த்தேன். டாக்டர் பொய் சொல்லவில்லை, காதுக்குப் பின்னால் கயிறு கயிறாகத்தான் இருந்தது.

அப்போது தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடைக்கரை வழியாகச் சவரிமுத்து ஓடி வந்தார். பின்னால் இன்னும் நாலு பேர். குடத்தை இறக்கி வைத்தார். தலையில் கட்டியிருந்த உருமாலை ஒரே இழுப்பில் அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். “ஸ்ஸ்…” என்று காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். மறு கையில் சிவப்புக் குஞ்சம்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சட்டைப் பை கிடையாது. உருமால்தான் பை. பீடிக் கட்டு, தீப்பெட்டி, முள் எடுக்கிற ஊசி எல்லாம் அதில்தான் செருகுவார்கள். குறி தவறிய அந்தக் குழாய் அவர் வரும் வழியில் முள்ளடியில் விழுந்து கிடந்திருக்கிறது. சர்க்கார் சாமான், மண்ணில் கிடந்தால் தொலைந்துவிடும் என்று, இரண்டு கையும் குடத்துக்கு வேண்டியிருந்ததால், பத்திரமாக உருமாலில் செருகிக்கொண்டார்.

“சார், உங்க சாமான் ஒண்ணு அங்க வுழுந்து கெடந்துச்சுங்க,” என்று ரேஞ்சரிடம் மரியாதையாக நீட்டினார்.

நர்சம்மா போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. “கீழ போடு! கீழ போடுய்யா!”

சவரிமுத்து மிரண்டுபோய் அதை மெல்லக் கீழே வைத்தார். உருமாலை இழுத்ததில் ஊசி உரசி, காதுக்குப் பின்னால் முள் கீறின அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு. அவ்வளவுதான். நர்சம்மா ஒரு குடத் தண்ணீரையும் அந்தக் கோட்டின் மேல் கவிழ்த்தார். “என்னம்மா, எனக்கு ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லிக்கொண்டே சவரிமுத்து சிரித்தார். சிரித்தபடியே உட்கார்ந்தார். பிறகு யாரும் சொல்லாமலே படுத்துக்கொண்டார். கண் திறந்திருந்தது, கருவிழியின் நடுப்புள்ளி கடுகாகச் சுருங்கியிருந்தது.

டாக்டர் எழுந்து ஓடி வரப் பார்த்தார். அதே நேரம் யானையின் மூச்சு கரகரத்தது, தும்பிக்கை மடங்கிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீங்க அதைப் பாருங்க டாக்டர்! இது என் ஆளு!” என்று நர்சம்மா கத்தினார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். “டிரைவர், மூக்கைப் பிடிங்க, வாயோட வாய் வெச்சு ஊதுங்க. நான் சொல்றவரைக்கும் நிறுத்தக்கூடாது.”

சொன்னால் சிரிப்பீர்கள். பச்சை வெங்காயமும் பீடியும் கலந்த வாய். என் மனைவிக்குக்கூட நான் அப்படி வாய் கொடுத்ததில்லை. ஆனால் அந்த உதடு நீலம் பாய்வதைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஊதினேன். நெஞ்சு ஏறி இறங்கியது. மறுபடி ஊதினேன்.

நர்சம்மா நரம்பு எழும்புவதற்காகச் சவரிமுத்துவின் இடது கையை ரப்பர் குழாயால் இறுக்கிக் கட்டினார். “காலையில பார்த்தேனே, மணிக்கட்டுகிட்ட ஒண்ணு இருந்துச்சே…” தட்டினார். தொங்கப் போட்டார். குத்தினார். ரத்தம் வரவில்லை. கொஞ்சம் மேலே குத்தினார். அங்கேயும் இல்லை. வலது கை. அங்கேயும் இல்லை. வெயிலில் குடம் சுமந்து வற்றிய உடம்பு, மருந்து வேறு நரம்பை உள்ளே இழுத்துவிட்டது. கை வெறும் தோலாகக் கிடந்தது. ஊதிவிட்டு நிமிரும்போது நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஜில்லாவிலேயே நரம்பு தப்பாத அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. அவர் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற அந்தத் தாயை. இங்கே ஓடைக்கரையில் சவரிமுத்துவின் சம்சாரம் குடத்தோடு நின்றிருந்தாள்.

எனக்கு மூச்சு தீர்ந்துகொண்டிருந்தது. “அம்மா…” என்றேன்.

“ஊதுங்க!”

சட்டென்று நகர்ந்து சவரிமுத்துவின் காலடிக்குப் போனார். ஏர் ஓட்டின கால். பாளம் பாளமாக வெடித்து, சேறு காய்ந்து, தோல் மாட்டுத் தோல் கனத்துக்கு இருந்தது. அதில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. உள்கணுக்கால் எலும்புக்கு முன்னால் தண்ணீர் ஊற்றிச் சேற்றைத் துடைத்தார். ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

ஆயுசு முழுக்கப் பார்த்துப் பார்த்தே ஊசி போட்ட அம்மா, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, விரலை மட்டும் நம்பி, தோலுக்குள் ஊசியை இறக்கினார்.

சிரிஞ்சுக்குள் ஒரு சிவப்புக் கொடி பூத்தது. ரத்தம்! “வந்துடுச்சு!” என்று நான்தான் கத்தினேன். மருந்தை மெல்ல மெல்ல ஏற்றினார். நான் ஊதிக்கொண்டே இருந்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. திடீரென்று சவரிமுத்து என் முகத்திலேயே இருமினார். என்னைத் தள்ளிவிட்டுத் தானாக ஒரு மூச்சு இழுத்தார். பிறகு இன்னொன்று. நினைவு திரும்பி, தனக்கு மேல் ஒரு சர்க்கார் டிரைவர் குனிந்திருப்பதைப் பார்த்துப் பதறி எழுந்திருக்கப் பார்த்தார். அவர் சம்சாரம் குடத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஓடையில் நின்ற அத்தனை பேரும் ஹோவென்று கத்தினார்கள். அங்கிருந்து டாக்டரும் கத்தினார். அவர் கையில் யானைக் காலிலிருந்து எடுத்த குண்டு இருந்தது.

“உடனே ஆஸ்பத்திரி. மறுபடியும் மயக்கம் இழுக்கலாம்,” என்றார் நர்சம்மா. வடத்தை அவிழ்த்தோம். சவரிமுத்துவை ஜீப்பின் பின்னால் படுக்க வைத்தோம். காலடியில் அவர் சம்சாரம்.

டாக்டர் காயத்தைக் கழுவி மருந்து வைத்து முடித்திருந்தார். எழுப்பும் மருந்தைச் சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு, “சிஸ்டர், காது! இப்ப எழுப்பப் போறேன். ஒரு நிமிஷம் வந்து போட்டுட்டுப் போங்க!” என்று கூப்பிட்டார். அந்த மனுஷனுக்கு வாக்கு ஞாபகம் இருந்தது.

நர்சம்மா ஜீப்பில் ஏறி உட்கார்ந்து சவரிமுத்துவின் நாடியைப் பிடித்திருந்தார். “நீங்களே போடுங்க டாக்டர். டிரைவர், எடுங்க வண்டியை,” என்றார்.

மேடேறும்போது நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் சிதறி ஓடிக்கொண்டிருந்தார்கள். கொம்பன் எழுந்து நின்றது! காதை ஒரு தடவை அடித்தது, மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டது, முன்காலைத் தயங்கித் தயங்கி ஊன்றிப் பார்த்தது. பிறகு மூங்கிலுக்குள் போய்விட்டது. “எழுந்துடுச்சுங்க! நிக்குது! நடக்குது!” என்று நான் கூவினேன். அடுத்த மாதமே நாலு காலும் பதிந்த தடம் மலைமேலே ஏறிப் போனதைக் காவலர்கள் பார்த்து வந்து சொன்னார்கள். அன்றைக்கு நர்சம்மா தலையைத் திருப்பவே இல்லை.

“பேசிட்டே வாய்யா. தூங்கக்கூடாது,” என்று சவரிமுத்துவை அதட்டினார். “மாடு எத்தனை வெச்சிருக்கே?”

“ரெண்டு எருதுங்க. ஒரு பசு.”

“பேரு சொல்லு.”

சொன்னார். பிள்ளைகள் பேரைச் சொன்னார். பங்காளிகள் பேரைச் சொன்னார். குரல் தேய்கிறபோதெல்லாம் அம்மா கன்னத்தில் தட்டினார். பென்னாகரம் ரோடு ஏறினதும் கொஞ்சம் தெளிந்துவிட்டார் போலிருக்கிறது. தன் கைகளைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு கையிலும் குத்தின இடமெல்லாம் வீங்கிப் பஞ்சு ஒட்டியிருந்தது.

“ஏ புள்ளே, இதென்ன?” என்று சம்சாரத்தைக் கேட்டார்.

“அம்மா ஊசி போடறதுக்கு எங்கெங்கியோ தேடினாங்க. உன் கையில நரம்பே கெடைக்கலை. கடேசியில காலுலதான் போட்டாங்க,” என்றாள் அவள்.

சவரிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். நான் மறுபடியும் மயக்கமோ என்று கண்ணாடியில் பார்த்தேன். அவர் மெல்ல இரண்டு கையையும் நர்சம்மாவின் முன்னால் நீட்டினார்.

“மன்னிச்சுக்குங்கம்மா. இந்தக் கை உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துடுச்சு. இப்ப வேணா ஒருக்கா நல்லாப் பார்த்துக்குங்க.”

நர்சம்மா அந்தக் கையைப் பார்க்கவில்லை. சவரிமுத்துவின் முகத்தைப் பார்த்தார். பிறகு வாய்விட்டு அழத் தொடங்கினார். அழுதுகொண்டே அந்த இரண்டு கையையும் பிடித்து அவர் நெஞ்சின் மேல் மடக்கி வைத்தார்.

“போதும்யா. கையை உள்ள வை,” என்றார்.